காற்று ஆப்பில் பட்டை எண்ணும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏர் வெட்ஜ் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்லும் காற்று ஆப்புச் சோதனைக்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். இரண்டு கண்ணாடித் தட்டு, ஒரு ஓரத்தில் மட்டும் இடையில் செருகிய ஒரு தலைமுடி, கட்டி வைக்க ரப்பர் பேண்ட், சோடியம் விளக்கு, நகரும் நுண்ணோக்கி. அந்த முடியின் தடிமனைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். எட்டிப் பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக வரிவரியாகத் தெரியும், அவைதான் பட்டைகள். எண்ண வேண்டியதுதான் பாக்கி.

அந்த எண்ணுகிற வேலையில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று பார்த்துவருகிறேன். வருகிற கோளாறுகள் அநேகமாக ஒரே ஏழெட்டுதான். ஏதோ தப்பு என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வதும் ஒன்றுதான்: எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அந்த அடித்த எண்களிலேயே எழுதியிருக்கும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே அமைப்பை வைத்துச் சொன்னவை. முடியின் தடிமன் 0.05 மி.மீ. தட்டுகள் ஒன்றையொன்று தொடும் கோட்டிலிருந்து முடி வரை 40 மி.மீ. சோடியம் ஒளியின் சராசரி அலைநீளம் 589.3 நானோமீட்டர். இப்படி இருந்தால் தொடும் கோட்டிலிருந்து முடி வரை சுமார் 170 பட்டைகள் விழும். ஒரு பட்டையின் அகலம், அதாவது ஒரு கறுப்பின் நடுவிலிருந்து அடுத்த கறுப்பின் நடு வரை, 0.236 மி.மீ. உங்கள் முடியும் நீளமும் வேறாக இருந்தால் எண்களும் மாறும், ஆனால் வழி அதேதான்.

பட்டையே தெரியவில்லை

முதலில் விளக்கைப் பாருங்கள். சோடியம் விளக்கைப் போட்டவுடன் இளஞ்சிவப்பாகத்தான் எரியும். உள்ளே தொடக்கத்துக்காக அடைத்திருக்கும் நியான் வாயுவின் நிறம் அது. சோடியம் சூடேறி ஆவியாகி முழு மஞ்சளுக்கு வரப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு நுண்ணோக்கியைத் திருகித் திருகி, சரியாக இருந்த குவியத்தையும் கலைத்துவிடுகிறார்கள்.

விளக்கு மஞ்சளாகிவிட்டதா? சரி, ஆப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிட ஆப்புக்கு மேலே 45 பாகையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடி சரியாக இருந்தால் தாளில் மஞ்சள் வெளிச்சம் பளிச்சென்று விழும். தாள் இருட்டாக இருந்தால் அந்தக் கண்ணாடி எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் கீழே போகாமல் மேலே போகிறது. திருப்பி வைத்தால் தீர்ந்தது. அங்கே இருக்க வேண்டியது வெறும் கண்ணாடி. யாராவது தெரியாமல் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்திருந்தால், வெளிச்சம் கீழே போகும், மேலே எதுவும் வராது.

தாள் மஞ்சளாக இருக்கிறது, ஆனாலும் பட்டை இல்லை என்றால், நுண்ணோக்கியை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் கண்ணால் மேலிருந்து பாருங்கள். 0.236 மி.மீ. இடைவெளி நல்ல பார்வைக்கு மெல்லிய நூல்களைப் போலத் தெரியும். கைலென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு. இந்த ஒரு சோதனை வழியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரிகிறது, நுண்ணோக்கியில் தெரியவில்லை என்றால் கோளாறு குவியத்தில். அநேகமாக மேல் தட்டின் மேற்பரப்பில் இருக்கும் தூசியைக் குவித்து வைத்துக்கொண்டு அங்கே பட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பட்டை இருப்பது இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள காற்றுப் படலத்தில். முதலில் முடியைக் கண்டுபிடித்து, அதன் ஓரம் கூர்மையாகத் தெரியும்படி குவியுங்கள். அப்புறம் உயரத்தை மாற்றாமல், தொடும் கோட்டைப் பார்த்து நகர்த்துங்கள். பட்டை தானாக வந்து நிற்கும்.

கண்ணுக்கும் தெரியவில்லை என்றால் கோளாறு ஆப்பில். தட்டுகளைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நூல் உதிராத துணியால் துடைத்து மறுபடி கட்டுங்கள். முடிக்குப் பதில் தடித்த அட்டைத் துண்டு எதையாவது செருகியிருந்தால், பட்டைகள் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு நெருங்கிப் போயிருக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கால் மணி நேரம் ஆகியும் விளக்கு இளஞ்சிவப்பாகவே நிற்கிறது, மினுக்கி மினுக்கி அணைகிறது, அல்லது விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கிலிருந்து தீய்ந்த வாடை வருகிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்பணியாளரிடம் விடுங்கள். சோக் பெட்டியை நீங்கள் திறக்கவே கூடாது. விளக்கு உடைந்துவிட்டால் ஈரத்துணியோடு பக்கத்தில் போகாதீர்கள். உள்ளே இருப்பது சோடியம் உலோகம், தண்ணீர் பட்டால் தீப்பற்றக்கூடியது.

தெரிகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலா, ஒரு பக்கம் மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

எங்கும் மங்கல் என்றால் அறை விளக்கை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள். பாதி நேரம் இதோடு சரியாகிவிடும். அடுத்தது, 45 பாகைக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் துடைப்பது. ஆப்பைப் பளபளவென்று துடைப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பிறகு விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள குவிவில்லையைச் சரிபாருங்கள். விளக்கின் திறப்பு அதன் குவியத்தூரத்தில் இருந்தால்தான் ஒளி இணையாக வரும்.

தொடும் கோட்டுப் பக்கம் தெளிவு, முடிப் பக்கம் போகப்போக மங்கல் என்றால் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. சோடியம் மஞ்சள் ஒரே நிறம் போலத் தெரிந்தாலும் அதில் 589.0, 589.6 என்று இரண்டு அலைநீளங்கள் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியே பட்டை போடும். தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும், போகப்போக விலகும். காற்றுப் படலம் ஏறத்தாழ 0.145 மி.மீ. தடிமனாகும் இடத்தில் ஒன்றின் கறுப்பில் மற்றதன் வெளிச்சம் விழுந்து பட்டையே மங்கிப்போகும். தலைமுடிக்கு இது பெரிய தொல்லை இல்லை. தடித்த தாளுக்கோ கம்பிக்கோ கட்டாயம் வரும். பரிகாரம் சுலபம்: மெல்லிய பக்கத்திலேயே எண்ணுங்கள்.

பட்டை சாய்ந்திருக்கிறது

நேர்க்கோடுதான், ஆனால் நுண்ணோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பியோடு ஒத்துப்போகாமல் சாய்ந்து நிற்கிறது. ஆப்பை மேடையில் லேசாகத் திருப்பி, செங்குத்துக் குறுக்குக் கம்பி பட்டையின் நீளம் முழுக்கப் படியும்படி வையுங்கள். கொஞ்சம் சாய்ந்தால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். 10 பாகை சாய்ந்தால் பட்டை அகலம் 1.5 விழுக்காடு கூடுதலாக வரும், 15 பாகை என்றால் 3.5 விழுக்காடு. எத்தனை முறை எண்ணினாலும் இந்தப் பிழை மாறாமல் அப்படியே வந்துகொண்டிருக்கும். அதனால் எண்ணுகிறவருக்குச் சந்தேகமே வராது.

பட்டைகள் தட்டின் விளிம்புக்கே சாய்வாக ஓடினால் முடி கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது திருப்பி வைத்துப் பயனில்லை. நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதே குழம்பிவிடும். பிரித்து, முடியை விளிம்புக்கு இணையாக இழுத்துப் பிடித்துக் கட்டுங்கள்.

பட்டை வளைந்திருக்கிறது, அல்லது வளையமாகத் தெரிகிறது

ஒரே புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக இருந்தால் அங்கே தூசி. 5 மைக்ரோமீட்டர் தூசி கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது தட்டைத் தூக்கும் உயரம் 17 பட்டைக்குச் சமம். பிரித்துத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மொத்தப் பட்டையும் வில்லாக வளைந்திருந்தால் ரப்பர் பேண்டைத் தளர்த்திப் பாருங்கள். நுண்ணோக்கிச் சில்லு போன்ற மெல்லிய கண்ணாடியை இறுக்கிக் கட்டினால் அது வளையத்தான் செய்யும். பேண்டை முடிக்கு நேர் மேலேயும் தொடும் கோட்டுக்கு நேர் மேலேயும் போடுங்கள். நடுவில் எதுவும் அழுத்தக் கூடாது.

தளர்த்தியும் வளைவு போகவில்லை என்றால் தட்டுகளில் ஒன்று சமதளமாக இல்லை. எது என்று கண்டுபிடிக்க மேல் தட்டை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைத்துக் கட்டுங்கள். வளைவும் கூடவே திரும்பினால் கோளாறு மேல் தட்டில். பழைய இடத்திலேயே நின்றால் கீழ்த் தட்டில். கோளாறான தட்டை மாற்ற வேண்டியதுதான், நாமாகத் தேய்த்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது. தட்டு வரும்வரை வேலை நடக்க வேண்டுமானால், நடுப்பகுதியில் நேராக இருக்கும் பட்டைகளை மட்டும் எண்ணலாம்.

மிக நெருக்கம், அல்லது மிக அகலம்

நெருக்கமாக இருந்தால் முடியைத் தொடும் கோட்டிலிருந்து தள்ளி வையுங்கள். நீளம் இரட்டிப்பானால் பட்டை அகலமும் இரட்டிப்பாகும். ஒரே நேரத்தில் நாலைந்து பட்டைதான் கண்ணில் படுகிறது என்றால் முடி நழுவி வெளியே வந்திருக்கலாம். அல்லது தொடவேண்டிய ஓரத்தில் தூசி உட்கார்ந்து அந்தப் பக்கமும் தூக்கியிருக்கலாம். தொடும் கோட்டில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தட்டுகள் உண்மையாகவே தொடும் இடம் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே பட்டை நகர்கிறது

குறுக்குக் கம்பியை ஒரு பட்டையின் மேல் நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டு, மூச்சும் அதன்மேல் படாமல் தள்ளி ஐந்து நிமிடம் உட்காருங்கள். அப்புறம் பாருங்கள்.

தானாக நகர்ந்திருந்தால் ஆப்பு இன்னும் அடங்கவில்லை. கட்டும்போது விரல் சூடு கண்ணாடியில் ஏறியிருக்கும், ரப்பர் பேண்டும் புதிதாக இழுத்ததும் மெல்லத் தளர்ந்துகொண்டே இருக்கும். பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். கட்டி முடித்ததுமே எண்ணத் தொடங்குவதுதான் இந்தச் சோதனையில் நான் அதிகம் பார்க்கும் அவசரம். அரைமணி நேரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் பழைய பேண்டை மாற்றுங்கள், விளக்கை இன்னும் தள்ளி வையுங்கள்.

சும்மா இருக்கும்போது நகரவில்லை, திருகைத் தொட்டால் மட்டும் துள்ளுகிறது என்றால் மேசை ஆடுகிறதா என்று பாருங்கள். நுண்ணோக்கியின் குழாய் எங்காவது சாய்ந்த கண்ணாடியை உரசுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் நுண்ணோக்கியின் நகரும் தட்டு தடத்தில் தளர்ந்திருக்கிறது. அது கருவி பழுதுபார்ப்பவர் வேலை. திருகை இறுக்கிப் பார்க்கலாம் என்று இறங்கினால் தடமே தேய்ந்துவிடும்.

ஒவ்வொரு முறை எண்ணும்போதும் வேறு விடை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணும் முறையைச் சரிசெய்யுங்கள். தொடங்கும் பட்டைக்கு ஒன்று என்று பெயர் வைக்காதீர்கள், பூஜ்யம் என்று வையுங்கள். ஒன்றில் தொடங்கி இருபதில் நிறுத்தினால் நடுவில் இருப்பது 19 இடைவெளி. அதை 20 ஆல் வகுத்தால் அங்கேயே 5 விழுக்காடு போய்விட்டது. குறுக்குக் கம்பியைக் கரும்பட்டையின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஓரம் எங்கே முடிகிறது என்பது வெளிச்சத்தைப் பொறுத்து மாறும், நடு மாறாது. ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ணட்டும், இன்னொருவர் அளவைப் படித்து எழுதட்டும்.

ஒவ்வொரு ஐந்தாவது பட்டைக்கும் அளவை எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே முந்தைய அளவிலிருந்து வித்தியாசத்தையும் உடனே எழுதுங்கள். வீட்டுக்குப் போய்க் கழித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நமது அமைப்பில் அந்த வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 1.18 மி.மீ. அருகில் வர வேண்டும். இனி எழுதிய தாளைப் பார்ப்போம்.

*ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது*

இப்படி ஒரு தாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பட்டை 0: 62.14
பட்டை 5: 63.32 (வித்தியாசம் 1.18)
பட்டை 10: 64.51 (1.19)
பட்டை 15: 65.68 (1.17)
பட்டை 20: 67.10 (1.42)
பட்டை 25: 68.28 (1.18)
பட்டை 30: 69.46 (1.18)

15க்கும் 20க்கும் நடுவில் மட்டும் 1.42. மற்றவற்றைவிட 0.24 கூடுதல், அதாவது சரியாக ஒரு பட்டை. அங்கே ஆறு பட்டை தாண்டியிருக்கிறீர்கள், ஐந்து என்று எண்ணியிருக்கிறீர்கள். முன்னாலும் பின்னாலும் இருக்கும் அளவுகள் எல்லாமே நல்லவை. முழுத் தாளையும் அடிக்க வேண்டாம். 67.10 என்ற இடத்துக்கே திரும்பி, ஒரு பட்டை பின்னால் போய் 66.86 அருகில் கரும்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து பின்வருபவற்றுக்கு எண்ணை ஒன்று கூட்டித் திருத்திக்கொள்ளலாம்: 20 என்று எழுதியது 21, 25 என்று எழுதியது 26. ஒரு பட்டையை இரண்டு முறை எண்ணியிருந்தால் அந்த வித்தியாசம் 0.94 என்று குறைந்து வரும்.

*அடுத்தடுத்த இரண்டு வித்தியாசங்கள், ஒன்று குறைவு ஒன்று கூடுதல்*

பட்டை 10: 64.51
பட்டை 15: 65.18 (0.67)
பட்டை 20: 66.86 (1.68)

முதலாவது அரை மி.மீ. குறைவு, அடுத்தது அரை மி.மீ. கூடுதல். இரண்டையும் கூட்டினால் 2.35, பத்துப் பட்டைக்குச் சரியான அளவு. எண்ணியதில் தப்பே இல்லை. 15ஆவது பட்டைக்கு முதன்மைக் கோலில் அரை மி.மீ. கோட்டைக் கவனிக்காமல் படித்திருக்கிறீர்கள். அது 65.18 அல்ல, 65.68. பல நகரும் நுண்ணோக்கிகளில் முதன்மைக் கோலின் ஒரு பிரிவு 0.5 மி.மீ., அதை ஒட்டி நகரும் சிறு கோலான வெர்னியரில் 50 பிரிவு, மீச்சிற்றளவு (படிக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. இந்த அரைக்கோடு ஏமாற்றுகிற அளவுக்கு வேறு எதுவும் ஏமாற்றாது. எழுதுகிறவர் கையில் கைலென்ஸும் சின்ன டார்ச்சும் இருக்கட்டும்.

எண்ணுவதில் தவறினால் ஒரு இடைவெளிதான் கெடும். படிப்பதில் தவறினால் இரண்டு இடைவெளி எதிரெதிராகக் கெடும். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே மறுபடி எண்ணும் வேலை பாதி மிச்சம்.

*முதல் வித்தியாசம் மட்டும் ஒத்துவரவில்லை*

பின்னடைவுப் பிழை. வலமிருந்து இடம் வந்து, பூஜ்யப் பட்டையில் நிறுத்தி, அப்படியே வலப்பக்கம் திருப்பியிருப்பீர்கள். திருகின் உருளையிலேயே அளவு படிக்கும் கருவி என்றால், திருகு கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் நுண்ணோக்கி நகரும். அந்தச் சும்மா சுற்றிய அளவும் முதல் வித்தியாசத்தில் சேர்ந்து அது 1.26, 1.30 என்று ஏறும். வெர்னியர் நகரும் தட்டோடே போகும் கருவியில் அந்த அளவுக்குத் தெரியாது, ஆனால் திசை மாறும்போது தட்டு லேசாகச் சாய்ந்து கொடுப்பதால் ஓரளவு வரத்தான் செய்யும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தொடங்கும் பட்டைக்கு ஐந்தாறு பட்டை முன்னாலிருந்தே ஒரே திசையில் வாருங்கள். பட்டையைத் தாண்டிவிட்டால் பின்னால் திருகாதீர்கள். நன்றாகப் பின்னால் போய் மறுபடி அதே திசையில் வந்து சேருங்கள்.

*வித்தியாசம் படிப்படியாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகிறது*

1.14, 1.16, 1.18, 1.20, 1.22 என்று சீராக ஏறுகிறது. பார்த்தால் யாருடைய தவறும் இல்லை என்று தோன்றும். தட்டு வளைந்திருந்தாலும் இப்படி வரும், ரப்பர் பேண்ட் தளர்ந்துகொண்டே இருந்தாலும் இப்படி வரும். பிரித்துப் பார்க்க, முடிந்த இடத்திலிருந்து எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு வாருங்கள். பெரிய வித்தியாசங்கள் அதே இடத்தில் வந்தால் கோளாறு அந்த இடத்தில், அதாவது தட்டில். இடம் மாறி, மறுபடியும் கடைசியாக எண்ணியவையே பெரிதாக வந்தால் கோளாறு நேரத்தோடு போகிறது, ஆப்பு அடங்கவில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். தட்டை மாற்றுவதா, காத்திருப்பதா என்பதை அதற்குள் முடிவு செய்துவிடலாம்.

*எந்த ஒழுங்கும் இல்லாமல் முன்னும் பின்னும் சிதறுகிறது*

0.01, 0.02 சிதறல் இயல்பு. 0.05 என்று போனால் கண்ணை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே அசைவு தெரிந்தால் அது இடமாறு தோற்றப் பிழை. முதலில் கண்ணருகு வில்லையை இழுத்துத் தள்ளி, குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். பிறகுதான் நுண்ணோக்கியைப் பட்டையில் குவிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் சரியாகவே வராது. எல்லாம் சரியாக இருந்தும் சிதறினால் கண் களைத்திருக்கிறது. எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் இன்னொருவர் எண்ணட்டும். கைபேசிக் கேமராவைக் கண்ணருகு வில்லையில் வைத்துப் படம் எடுத்து, படத்தில் எண்ணிச் சரிபார்ப்பதும் நல்ல வழிதான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரே பட்டையை ஒரே திசையிலிருந்து வந்து ஐந்து முறை தொட்டுப் படியுங்கள். பட்டை நகரவில்லை, இடமாறு தோற்றமும் இல்லை, ஆனாலும் ஐந்து அளவும் 0.05க்கு மேல் மாறுகிறது என்றால் திருகோ தடமோ தேய்ந்திருக்கிறது. எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அந்தக் கருவியில் விடை வராது. எழுதிய ஐந்து அளவையும் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள், அவருக்கு அது பெரிய உதவி.

எண்ணிக்கை ஒத்துப்போகிறது, தடிமன்தான் தப்பாக வருகிறது

முதலில் செலவில்லாத தவறுகள். வாய்ப்பாடு: தடிமன் = அலைநீளம் × நீளம் ÷ (2 × பட்டை அகலம்). விடை சரியாக இரண்டு மடங்கு என்றால் கீழே இருக்கும் 2 விட்டுப்போயிருக்கிறது. பத்து மடங்கு என்றால் செ.மீ., மி.மீ. குழப்பம். மறந்துபோய் ஒரே ஒரு பட்டையின் அகலத்தை மட்டும் அளந்திருந்தால் 0.02 மி.மீ. படிக்கும் பிழையே 8 விழுக்காடு ஆகிவிடும். அதையே இருபது பட்டைக்கு அளந்தால் அரை விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். எண்ணுவதில் இத்தனை சிரத்தை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது நீளம். தட்டின் விளிம்பிலிருந்து அளந்தீர்களா, தட்டுகள் தொடும் கோட்டிலிருந்து அளந்தீர்களா? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. விளிம்பு சிதைந்திருந்தால் தொடும் கோடு ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே இருக்கும். 40 மி.மீ.யில் ஒரு மி.மீ. தவறு 2.5 விழுக்காடு. நுண்ணோக்கியிலேயே கடைசிக் கரும்பட்டையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முடியின் நடுவரை அளங்கள்.

விடை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வருகிறது, தொடும் ஓரத்திலும் கறுப்பு இல்லை என்றால் அங்கே தூசி இருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் பட்டைகள் நேராக, சமமாக, அழகாகவே இருக்கும். 5 மைக்ரோமீட்டர் தூசி ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஆப்பு காட்டுவது 50 இல்லை, 45 மைக்ரோமீட்டர்தான். பத்து விழுக்காடு காணாமல் போய்விடும். பிரித்துத் துடைத்துக் கட்டி, ஓரம் கறுப்பானதைப் பார்த்த பிறகே எண்ணுங்கள்.

இன்னும் சந்தேகமா? நீளத்தையே சேர்க்காமல் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. தொடும் கோட்டிலிருந்து முடி வரை உள்ள மொத்தப் பட்டைகளையும் எண்ணி, அலைநீளத்தில் பாதியால் பெருக்குங்கள். 170 பட்டை × 294.65 நானோமீட்டர் = 0.0501 மி.மீ. பொறுமை வேண்டும்தான், ஆனால் நீளத்தில் தவறா, பட்டை அகலத்தில் தவறா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. நடுவில் ஒரு பட்டை விட்டுப்போனாலும் 170இல் ஒன்று என்பதால் சுமார் 0.6 விழுக்காடுதான் மாறும்.

எந்த விளக்கு என்றும் ஒருமுறை கேளுங்கள். சோடியத்துக்குப் பதில் யாராவது பச்சை வடிகட்டி போட்ட பாதரச விளக்கை வைத்திருந்தால் அலைநீளம் 546.1. பட்டை அகலம் 0.218க்கு இறங்கும். கணக்கில் 589.3 போட்டால் விடை 8 விழுக்காடு ஏறிவிடும்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஆனாலும் திருகு அளவி காட்டும் அளவோடு ஒத்துவரவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. திருகு அளவியின் மீச்சிற்றளவே 0.01 மி.மீ. 0.05 மி.மீ. முடியில் அது ஐந்தில் ஒரு பங்கு. போதாததற்கு அதன் தாடைகள் முடியைக் கொஞ்சம் நசுக்கவும் செய்யும், சுழிப் பிழையை (தாடைகள் மூடியிருக்கும்போதே அது காட்டும் அளவை) கழிக்காமலும் விட்டிருப்பார்கள். தலைமுடியின் குறுக்குவெட்டும் பெரும்பாலும் சரியான வட்டமில்லை, நீள்வட்டம். ஆப்பில் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தடிமன்தான் வரும். அதே முடியை வேறு இடத்தில் செருகி மறுபடி எண்ணினால் விடை கொஞ்சம் மாறுவது இதனால்தான். முந்தைய விடையைத் திருத்த வேண்டாம், இரண்டையும் எழுதிவையுங்கள்.